கழுத்துக்குக் கீழே

சேலை அவளுடையது.

முதலில் அதைத்தான் பார்த்தாள். கத்தரிப்பூ நிறம், மாம்பழ மஞ்சளில் கரை. தமயந்தியின் கல்யாணத்துக்கு எடுத்தது.

பிறகு கையைப் பார்த்தாள். உட்கார்ந்திருக்கும் மணப்பெண்ணின் தோளில் வைத்த வலது கை. மணிக்கட்டுக்கு மேலே, வளையல் மறைக்காத இடத்தில், குக்கர் ஆவி பட்ட தழும்பு.

அதுவும் அவளுடையது.

முகம்தான் வேறு.

முகம் பொன்னுத்தாயுடையது. அவள் கணவரின் முதல் மனைவி. தமயந்தியைப் பெற்று, பிள்ளைக்கு நான்கு வயதாகும்போது விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தவள்.

தமயந்தியும் மாப்பிள்ளையும் தனிக்குடித்தனம் வந்திருக்கும் வீட்டில் அன்று பால் காய்ச்சினார்கள். கூடத்துச் சுவரில் அந்தப் படம் புதிதாக மாட்டியிருந்தது. சொந்தமெல்லாம் அதன் முன்னால் கூடி நின்றது.

இப்போது கல்யாணத்துக்குக் கல்யாணம் இது உண்டு. இறந்துபோன அப்பா மேடையில் மாலையோடு நிற்பார். பேரன் பிறப்பதற்கு முன்பே போன தாத்தா அவனை மடியில் வைத்திருப்பார். ஸ்டுடியோக்காரர்களுக்கு ஒரு முகம் கிடைத்தால் போதும். உடம்பை எங்கிருந்தாவது எடுத்துக்கொள்வார்கள்.

பொன்னுத்தாய்க்கு இருந்தது ஒரே ஒரு முகம். வாக்காளர் அட்டைக்கு எடுத்தது. அதைப் பெரிதாக்கி மாட்டிய படத்தை வெள்ளிதோறும் துடைத்துக் குங்குமம் வைத்தது அவள்தான்.

அவளுக்குக் காதோரம் நரைத்தது. இடுப்பு பெருத்தது. படத்தில் இருந்தவளுக்கு எப்போதும் இருபத்தாறு.

பிள்ளையைத் திட்டாதவள். பேன் பார்க்கும்போது முடியைப் பிடித்து இழுக்காதவள். மார்க் குறைந்ததற்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதவள்.

அவளோடு யார் போட்டி போட முடியும்?

மேடையில் போட்டோக்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது. "அம்மா, பொண்ணோட ஒட்டி நில்லுங்க. அப்படியே தோள்ல கை வைங்க."

அம்மா இல்லை, சித்தி என்று தமயந்தி திருத்தவில்லை.

கேமரா மின்னியது. அந்த மின்னலை அவள் வீடு வரைக்கும் கொண்டுவந்திருந்தாள்.

ஆல்பம் வந்தபோது அந்தப் படம் அதில் இல்லை. முதலில் இருந்து இன்னொரு முறை புரட்டினாள். யாரிடமும் கேட்கவில்லை.

இங்கே இருக்கிறது.

"நம்ம பொன்னு கொஞ்சம் சதை போட்டிருக்காளே," என்றார் தமயந்தியின் தாய்மாமன். "மேல சாப்பாடு பலம் போல."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அவள் கணவர் சிரிக்கவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தார். துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"இப்படி ஒரு சேல அவ கட்டி நான் பாத்ததே இல்ல."

அந்தச் சேலையை எடுத்த அன்று கடையில் அவளுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

இத்தனை காலமும் வெறும் முகத்தை வைத்தே வீட்டை ஆண்டவள். இப்போது உடம்பும் கிடைத்துவிட்டது. கையும் கிடைத்துவிட்டது. கைக்கு அடியில் தமயந்தியின் தோளும்.

அவள் அடுப்படிப் பக்கம் பார்த்தாள். தமயந்தி டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள்.

இவள்தானே அந்தப் படத்தை எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். இவள்தானே ஸ்டுடியோவில் பக்கத்தில் நின்று சொல்லியிருக்க வேண்டும், அந்தத் தலையை எடுத்துவிடுங்கள் என்று.

தாய்மாமன் பையிலிருந்து மல்லிகைச் சரத்தை எடுத்தார்.

"பாத்துப் போடுங்க," என்றாள் அவர் மனைவி. "பிள்ள மேல பட்டுரப் போகுது. உசுரோட இருக்கவ."

"எனக்குத் தெரியாதா? தங்கச்சி பக்கந்தான் போடுறேன்."

சரம் நீளமானது. பொன்னுத்தாயின் நெற்றியில் தொடங்கியது. கழுத்தைத் தாண்டியது. கத்தரிப்பூச் சேலை மேல் இறங்கி, தழும்பைத் தொட்டுக்கொண்டு நின்றது.

அவளுக்கு மணிக்கட்டு சில்லென்றது.

என்னவென்று சொல்வது? இத்தனை பேருக்கு நடுவில், அது நான் என்றா?



தமயந்தி ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்தாள். படத்தைப் பார்த்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். சரத்தைக் கழற்றி, நாரைப் பிய்த்து, ஒரு சாண் பூவை மட்டும் சட்டத்தின் மேல் மூலையில் செருகினாள்.

"என்ன தாயி, பெத்தவளுக்கு இத்துனூண்டா?"

"போதும் மாமா. கழுத்துக்குக் கீழ வரக் கூடாது."

"ஏன்?"

 தமயந்தி சித்தியின் பக்கம் திரும்பவில்லை. மீதிச் சரத்தைச் சுருட்டி ஜன்னலுக்கு வெளியே போட்டாள். அடுப்படிக்குப் போய் ஒரு டம்ளரோடு வந்தாள்.

"சித்தி, பால் ஆறுது."

அதே சித்தி.

அவள் வலது கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். குடிக்காமல் படத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

வாக்காளர் அட்டைக்கு எடுத்த முகம். நேராகப் பார்ப்பதைத் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது.

ஆனால் இப்போது, பூவுக்கு அடியிலிருந்து, அந்தக் கண்கள் கொஞ்சம் தாழ்ந்து தோளில் இருக்கும் கையைப் பார்ப்பது போலிருந்தது.