அவருக்காக விட்ட காபி

சட்டைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு, கடையின் பின்வாசல் வழியாக நழுவினார் சைக்கிள் கடைக்காரர். பட்டப்பகலில், சொந்தக் கடையிலிருந்தே திருட்டுப்பூனை போல வெளியேற வேண்டிய நிலைமை.

மறைத்தது வேறொன்றும் இல்லை. ஒரு வெறும் டம்ளர்.

எல்லாம் குளிர்காலம் முடியும் சமயத்தில் ஆரம்பித்தது. புருஷனும் பெண்டாட்டியுமாக, வாரம் ஒருமுறை ஊருக்கு வரும் டாக்டரிடம் உடம்பைச் சோதித்துக்கொண்டார்கள். முடிவைக் கேட்டுவர மனைவி மட்டும் போனாள். அன்று கடையில் பஞ்சர் வேலை குவிந்து கிடந்தது.

திரும்பி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "வயித்துல புண்ணாம். இனிமே உங்களுக்குக் காபி கிடையாது."

"எனக்கா? எனக்கு ஒரு வலியும் இல்லையே!"

"வலி வர்ற வரைக்கும் காத்திருப்பீங்களா? நானும் விட்டுடுறேன். நீங்க குடிக்காதப்ப எனக்கு மட்டும் எதுக்கு அந்தக் கருமம்?" சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

பார்த்த அவருக்கும் கலங்கியது. காபித்தூள் டப்பா அன்றே ரொட்டிக் கடைக்காரம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

அதன் பிறகுதானா வசந்தம் வர வேண்டும்? பனி உருகி, தெருவோரப் பழமரங்கள் எல்லாம் பூத்துக் குலுங்கின. குளிர் முழுக்க அடைந்து கிடந்த ஊர், நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டது. தினம் ஒரு வீட்டு முறை. பெரிய பாத்திரம் நிறையக் காபி, முதுகில் வெயில், வாய் நிறைய ஊர்வம்பு. தையற்காரர் வீட்டுக் காபி ஒரே கசப்பு என்று, அதையே மூன்றாவது தடவை வாங்கிக் குடித்துக்கொண்டு குறை சொல்வதில் எல்லோருக்கும் ஒரு சுகம்.

அந்தக் கூட்டத்தில் இவர் கையில் மட்டும் வெந்நீர்.

"அரை டம்ளர் ஊத்தேன்பா," என்று முடிதிருத்துபவரிடம் கெஞ்சிப் பார்த்தார்.

"அய்யோ அண்ணே! அண்ணி என் காதை அறுத்துடுவாங்க. அதுவும் என் கத்தியாலேயே."

ரொட்டிக் கடைக்காரம்மாவோ முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "புருஷனுக்காகக் காபியை விட்ட பொண்டாட்டிய எங்கயாச்சும் பார்த்திருக்கீங்களா? என் வீட்டுலயும் ஒண்ணு இருக்கே, எனக்காகக் குறட்டையைக்கூட நிறுத்தாது. நீங்க கொடுத்து வெச்சவருண்ணே!"

கொடுத்து வைத்தவருக்குத் தொண்டை வறண்டது.

வீட்டுக்குப் போனால் சோதனை வேறு. சட்டையைக் கழற்றியதும் அவள் வாங்கி முகர்ந்து பார்ப்பாள். காபிக் கூட்டத்தில் உட்கார்ந்து வந்த சட்டை, வாசனை இல்லாமல் இருக்குமா? கண்ணை மூடி, நீளமாக இரண்டு மூச்சு இழுப்பாள்.

"சத்தியமா வெந்நீர்தான் குடிச்சேன்," என்பார் அவர்.

"ம்ம்," என்பாள். இன்னொரு முறை முகர்ந்துவிட்டுத்தான் சட்டையைத் துவைக்கப் போடுவாள்.

இன்றைக்கு அவரால் தாங்க முடியவில்லை. இந்தத் தடை உத்தரவு ஊரில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியாது. தோப்புக்கு அந்தப் பக்கம் தேனீ வளர்ப்பவர், பூக்காலத்தில் பெட்டிகளை விட்டு நகரமாட்டார். ஊர்வம்பு அதுவரை எட்டாது. ஆனால் அவரிடம் இருப்பதோ ஒரே ஒரு கோப்பை. அதனால்தான் சட்டைக்குள் டம்ளர்.

தோப்பு முழுக்க வெள்ளைப் பூக்கள். கிளைக்குக் கிளை தேனீக்கள் இரைந்தன. அவருக்கோ நடக்க நடக்க மனசு குத்தியது. தனக்காக வாயைக் கட்டிக்கொண்டிருப்பவளை ஏமாற்றுவது பாவமில்லையா? பாதி வழியில் நின்று, வீட்டுப் பக்கம் திரும்பியும் விட்டார். அந்த நேரம் பார்த்துக் காற்று திசை மாறியது. தேனீக்காரர் கொட்டகையில் காபி கொதித்துக்கொண்டிருந்தது. அதற்குமேல் கால்கள் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

"வாங்க வாங்க! என்ன, ஆளையே காணோம்?" என்று தேனீக்காரர் டம்ளர் வழிய ஊற்றினார்.

முதல் வாய் உள்ளே இறங்கியதும் அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வசந்தம் அவருக்கு அப்போதுதான் பிறந்தது.

இரண்டாவது வாய்க்கு டம்ளரைத் தூக்கியபோது கதவு திறந்தது. தேன் வாங்க வந்து நின்றார் டாக்டர்.

சைக்கிள் கடைக்காரர் சட்டென்று டம்ளரை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். பாதிக் காபி சட்டையில் கொட்டியது.

"டாக்டர், சத்தியமா ஒரே ஒரு வாய்தான்! அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. எனக்காக அவளும் காபியை விட்டுட்டா டாக்டர். தெரிஞ்சா மனசு ஒடிஞ்சு போயிடுவா."

டாக்டர் ஒன்றும் புரியாமல் அவரையும், சட்டையில் வழிந்த காபியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க ரெண்டு டம்ளர்கூடக் குடிக்கலாமே! வயித்துப்புண்ணு உங்க வீட்டம்மாவுக்குத்தானே?"