மூன்றாவது கோளாறு

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, காலை நன்றாக நீட்டிக்கொள்ளுங்கள். ஒரு நாத்தனார் செய்த திருட்டுத்தனத்தைச் சொல்கிறேன். ஒரு செம்புத் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் கதையும் முடிந்துவிடும்.

அண்ணி சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து, நாத்தனார் ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு அண்ணியின் அறைக்குள் பூனைபோல நுழைந்தாள். கதவைச் சாத்தினாள்.

அலமாரியில் மினுக்கு மினுக்கென்று எரிந்துகொண்டிருந்த பெட்டிகளில் ஒன்றின் வயரை உருவி, வேறொரு துளையில் செருகினாள். அண்ணி கணினியில் அடித்து வைத்திருந்த எண்களில் ஒன்றை மாற்றினாள். கொஞ்ச நேரம் கழித்து, கையில் ஒட்டிய தூசியைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, ஒன்றும் அறியாதவள்போல வெளியே வந்தாள்.

அவசரப்பட்டு அவளைத் திட்டிவிடாதீர்கள். கெடுத்து வைக்கச் சொன்னதே அண்ணிதான்!

மறுநாள் அண்ணிக்கு நெட்வொர்க் செய்முறைத் தேர்வு. காலையில் பெட்டிகளை இணைத்து ஒன்றோடொன்று பேச வைக்க வேண்டும். மதியத்துக்கு மேல், யாரோ வேண்டுமென்றே செய்து வைத்த கோளாறுகளைத் தேடிப் பிடித்துச் சரிசெய்ய வேண்டும். தானே ஒளித்து வைத்ததைத் தானே தேடிப் பழக முடியுமா? அதனால்தான் வீட்டிலிருந்த வாலை வேலைக்கு வைத்துக்கொண்டாள்.

தேறிவிட்டால் பகல் ஷிஃப்ட் கிடைக்கும். இப்போது ராத்திரி வேலை. பாப்பாவைப் பக்கத்தில் போட்டுத் தூங்க வைக்கக்கூடக் கொடுத்து வைக்கவில்லை. போன தடவை வேலை தெரியாமல் தோற்கவில்லை அவள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பதறியே தோற்றாள்.

அதனால் இன்றைக்கு அறையையே தேர்வுக்கூடம் ஆக்கியிருந்தாள். போனை நாத்தனாரிடம் ஒப்படைத்தாகிவிட்டது. கணினித் திரையில் மணி தெரியும் மூலைக்கு ஒரு பிளாஸ்திரி. மிச்சம் சுவர்க் கடிகாரம் மட்டும்தான். முள் ஐந்தைத் தொட்டால் கையை எடுத்துவிட வேண்டும்.

சாப்பிட்டு வந்தவள் கடிகாரத்தைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"ரெண்டா! அத்தை, இன்னும் ஒரு கரண்டி, இன்னும் ஒரு கரண்டின்னு என்னை இவ்வளவு நேரமா உட்கார வெச்சுட்டீங்க?"

"நல்லா இருக்கே! நீ கொறிச்சுட்டு எழுந்தது ஒரு குருவிக்குக் காணாது," என்றாள் மாமியார்.

"பேச்சு வேண்டாம். மூணு கோளாறு, மூணும் இந்த ரூமுக்குள்ளதான்," என்று நாத்தனார் அதட்டினாள். "ஆரம்பிங்க அண்ணி."

வயர் இடம் மாறியதை அண்ணி சட்டென்று பிடித்துவிட்டாள். இரண்டாவதுக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கியது.

"ஒன்னை ஏழாக்கி வெச்சிருக்கே, திருடி!"

"ரெண்டாச்சு. இன்னும் ஒன்னு."

அந்த ஒன்றுதான் அகப்படவில்லை. ஒவ்வொரு வயராகத் தடவினாள், ஒவ்வொரு வரியாகப் படித்தாள். எல்லா விளக்கும் பச்சை.

"எல்லாப் பெட்டியும் எல்லாத்தோடயும் பேசுதேடி வாலு. இதுல எங்க கோளாறு?"

"இருக்கு, இருக்கு. தேடுங்க."

அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். "நாலரை ஆயிடுச்சு. பாப்பாவோட ஸ்கூல் வேன் நாலுக்கே வந்துடுமே, ஏன் இன்னும் காணோம்?"

"வரும்போது வரும். பரீட்சை ஹால்ல வந்து வேனையா தேடுவாங்க?"

முள் ஐந்தைத் தொட்டது. "கையை எடுங்க," என்றாள் நாத்தனார், கொஞ்சமும் ஈவிரக்கமில்லாமல்.

அண்ணி மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். "இன்னும் ஒரே ஒரு மணி நேரம் இருந்திருந்தா கண்டுபிடிச்சிருப்பேன். எனக்கு எப்பவும் நேரம்தான் எமன். நாளைக்கு நான் போகலை அத்தை. போய் அசிங்கப்பட வேண்டாம்."

மாமியாருக்கு வந்ததே கோபம்! "பரீட்சைக்கு முந்தின நாளா இவளை இப்படி அழ வைப்பே? என் வயித்துல பொறந்தாலும் நாத்தனார் புத்தி நாத்தனார் புத்திதான். அந்த மூணாவது எங்க இருக்குன்னு சொல்லித் தொலைடி!"

அந்த நேரம் பார்த்து வாசலில் வேன் ஹாரன் அடித்தது. "அம்மா!" என்று பாப்பா ஓடி வரும் சத்தமும் கேட்டது.

நாத்தனார் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, அழுதுகொண்டிருந்த அண்ணியின் மடியில் வைத்தாள்.

"மூணாவது இதுலதான் அண்ணி. முள்ளை ஒரு மணி நேரம் தள்ளி வெச்சேன், மணி இப்பத்தான் நாலு. பெட்டியில இருந்த ரெண்டையும் நீங்க முடிச்சு ரொம்ப நேரமாச்சு!"

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வால் வாய்க்கட்டும் கண்ணுகளா. எந்த வேலையை எடுத்தாலும் முடித்த பிறகு உங்களுக்கு நேரம் மிச்சமிருக்கட்டும்.