திரும்பி வந்த மீன்

மாமனார் தண்ணீர்ப் பையை வண்ணமீன் கடை மேசையில் வைத்தார். உள்ளே ஒரே ஒரு மீன், கருநீல வரிகளோடு மிடுக்காகத் திரிந்தது. பக்கத்தில் மருமகள், அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டையோடு நின்றாள்.

"தொட்டியில சாதுவான சிக்லிட் வகை மீனுன்னு எழுதி ஒட்டியிருந்தியேய்யா. மூணே மாசத்துல ஒன்பது மீனைக் கடிச்சே கொன்னுடுச்சு. இது என்ன மீனு, உண்மையைச் சொல்லு."

கடைக்காரர் பையை விளக்கடியில் பிடித்தார். வாலில் இருந்த பழைய கிழிசலைக் கண்டதும் அவர் முகம் மாறியது.

"இது முரட்டு வகைங்க. ஏற்கெனவே ஒரு வீட்டுல இருந்து திரும்பி வந்தது."

"வாங்கும்போது வெளிறிப்போய் அப்பாவியா இருந்துச்சே?"

"கூட்டத்துல அப்படித்தான் இருக்கும். தொட்டி தன்னோடதுன்னு ஆனதும்தான் நிறமும் குணமும் வெளிய வரும்."

"தெரிஞ்சேவா பேரை மாத்தி எழுதின?"

"உள்ளதைச் சொன்னா யாருங்க வாங்குவா?"

மாமனாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீயெல்லாம் மனுஷனா? போற இடத்துல இருக்கறதும் உயிருதானேன்னு ஒரு நிமிஷம் யோசிச்சியா?"

கடைக்காரர் பையை மேசைக்கு அடியில் தள்ளி வைத்தார்.

தெருவுக்கு வந்ததும் மருமகள் நின்றாள்.

"நல்லாக் கேட்டீங்க மாமா. எங்கப்பா உங்ககிட்ட கேக்க வேண்டியது."

"என்னம்மா சொல்ற?"

அவள் சட்டைக் கையை மேலே ஏற்றினாள். ஐந்து விரலும் பதிந்து கன்றிப்போயிருந்தது.

"பையன் ரொம்ப சாது, இதுதான் முதல் கல்யாணம்னு சொல்லித்தானே கட்டி வச்சீங்க? அவரோட முதல் மனைவியை நேத்துப் பார்த்தேன். அவங்க இன்னும் முழுக்கைதான் போடுறாங்க மாமா."