பதினேழாவது விநாடி

ஏ.எஸ்.ராவ் நகர் வீட்டிலேயே கேக் செய்து விற்கும் ஸ்டெஃபி, தன் ரீலின் புள்ளிவிவரத்தைப் பார்த்துத் துள்ளினாள். பதினேழாவது விநாடியை மட்டும் ஜனங்கள் திரும்பத் திரும்பப் பார்த்திருந்தார்கள். அதில் அவள் கண்ணுக்குத் தெரிந்ததோ சமையலறைக் கதவு மட்டும்தான்.

“கதவுகிட்ட நிக்கிற அக்கா சிரிப்பு சூப்பர்” என்று கமெண்ட்கள் குவிந்திருந்தன.

“எந்த அக்கா? நக்கோ ஸ்டெஃபி, வேணாம், அழிச்சிடு,” என்றான் கணவன் வெஸ்லி.

“ஹவ், ஆமா, எனக்கும்தான் தெரியல. ஆனா டேட்டா பொய் சொல்லாதுல்ல!”

மறுநாள் அந்தக் கதவையே ஒரு நிமிடம், போனைக் கையில் பிடித்து வீடியோ எடுத்துப் போட்டாள். பார்வைகள் லட்சத்தைத் தாண்டின. ஒருவர்கூடப் பாதியில் விலகவில்லை. குதூகலத்தோடு முதல் கமெண்டை உரக்கப் படித்தாள்.

“அக்கா கதவுலேர்ந்து நடந்து வந்து, கேமராவைத் தாண்டி உங்க பின்னால போறது செம!”