சொட்டு நின்ற கதை

டிரையரை வாங்கியவரும் அவர்தான். அதில் துணி போடாதே என்றவரும் அவர்தான்.

"வெயில்ல காயுற துணிக்கு வாசமே தனி, மதி" என்பார் ரமணன். அப்புறம் எதற்கு வாங்கினீர்கள் என்றால், மழைக்கு ஆகும் என்பார். ஆகவே சிங்கப்பூர் கிளமெண்டியில், அடுக்குமாடி வீட்டின் ஒன்பதாம் மாடியில், வீட்டுக்குள் டிரையர் சும்மா உட்கார்ந்திருக்க, சந்திரமதி இன்னமும் சமையலறை ஜன்னல் வழியாகத் துணி கோத்த மூங்கில் கழியை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டுக்காரர் வாங்கி வச்சு அழகு பாக்குறவர்" என்று ஆபீசில் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த அழகுக்கும் இப்போது கேடு வந்தது. மழை நாள் ஒன்றில் துணி போட்டுப் பார்த்தாள். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு உலுக்குவது போல ஒரு சத்தம்.

மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றதும் ரமணனுக்கு எங்கிருந்துதான் ரோஷம் வந்ததோ. பெல்ட்தான் போயிருக்கும், நானே பார்க்கிறேன் என்றார். துவாஸ் தொழிற்சாலையில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவர், தூக்கத்தை விட்டு, யூடியூபைப் பார்த்து பெல்ட்டை மாற்றினார். சத்தம் அப்படியே இருந்தது. மேசைமேல் நாலு ஸ்க்ரூ மிச்சம்.

சனிக்கிழமை அவர் தேக்கா மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கப் போன நேரம் பார்த்து, சந்திரமதி டெக்னீஷியனை வரவழைத்துவிட்டாள். ஸைஃப் என்று பெயர். வந்தவன் கையாலேயே டிரம்மைச் சுற்றிப் பார்த்தான். சத்தம் இல்லை. ஸ்விட்சைப் போட்டான். கடகட.

"பெல்ட் நல்லா இருக்கு, ஆன்ட்டி. உருளையும் ஓகே. சத்தம் உள்ள ஃபேன் பக்கம்லா."

அவன் பின்பக்கத்தைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது, சும்மா நிற்பானேன் என்று அவள் மேல் வீட்டுக் கதையை ஆரம்பித்தாள். காதர் மைதீன் வீட்டில் தினமும் படுக்கை விரிப்பை அரைகுறையாகப் பிழிந்து கழியில் போடுவார்கள். அந்தத் தண்ணீர் அவள் துணிமேல் சொட்டும். தண்ணீர் மட்டுமா, ஒரு வாடை வேறு. பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் போட்டோ எடுத்து, ரமணனிடம் மட்டும் சொல்லிவிட்டு, பெயர் போடாமல் டவுன் கவுன்சிலுக்கு அனுப்பிவிட்டாள். லிஃப்ட் பக்கத்தில் படத்தோடு நோட்டீஸ் ஒட்டினார்கள். ஒரே வாரத்தில் சொட்டு நின்றது.

"சொல்ற இடத்துல சொன்னா கேக்குறாங்க பாருங்க. நாமதான் எதுக்குடா வம்புன்னு பேசாம இருந்துடறோம்."

ஸைஃப் இரண்டு கை நிறையப் பஞ்சை வெளியே அள்ளிப் போட்டான்.

"தினம் ஓட்டுறீங்க போல."

"மாசத்துல ரெண்டு தடவை ஓட்டினா அதிகம்."

"இல்ல ஆன்ட்டி, இது தினம் ஓடுற மெஷின். பஞ்சு முழுக்க வெள்ளை, பாருங்க. வீட்ல எல்லாம் வெள்ளை விரிப்பா?"

அவள் வீட்டில் வெள்ளை விரிப்பு ஒன்றுகூடக் கிடையாது.

ஃபில்டர் சரியாக உட்காராத இடுக்கு வழியாக எதுவோ ஃபேனுக்குள் விழுந்திருக்கிறது என்று கையை விட்டுத் துழாவினான். பச்சை மணி ஒன்று வந்தது. பின்னாலேயே இன்னும் பல. கடைசியாக, அறுந்த நூலில் ஒரு குஞ்சம். ஸைஃப் கையைத் துடைத்துக்கொண்டு, மணிகளைத் தரையில் வைக்காமல் ஒரு கிண்ணம் கேட்டு வாங்கி அதில் போட்டான்.

"எங்க வீட்லயும் இருக்கு. தஸ்பீஹ் மணி, ஓதும்போது உருட்டுறது. உங்க வீட்டுக்கு எப்படி வந்துச்சு, ஆன்ட்டி?"

அவன் போன பிறகும் சந்திரமதி கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பச்சையை அவள் பார்த்திருக்கிறாள். லிஃப்டில், காதர் மைதீன் மனைவி பரீதாவின் விரல்களில். அந்த அம்மாளைக் கண்ணில் கண்டே பல மாதம். ஜூரோங்கில் மகள் வீட்டுக்குப் போயிருப்பார் என்றுதான் நினைத்திருந்தாள்.

ரமணன் கீரைக்கட்டோடு வந்தார். அவள் கிண்ணத்தை நீட்டினாள். திருதிருவென்று விழிப்பார் என்று பார்த்தால், மனுஷர் முகத்தில் ஒரு நிம்மதி.

"எல்லா மணியும் கிடைச்சுதா? தலகாணிக்கு அடியில வச்சிருந்தாங்களாம். விரிப்போட சேந்து வந்திருக்கு. ஒரு வாரமா அதைக் கேட்டு அழறாங்க."

பிறகுதான் மெதுவாகச் சொன்னார். பரீதா படுக்கையில் விழுந்து ஏழு மாதம். ஒரு நாளைக்கு இரண்டு விரிப்பு மாற்ற வேண்டும். யாரையும் உள்ளே விடாமல் காதர் பாயே எல்லாம் செய்கிறார். எழுபத்திரண்டு வயதில் பிழிய அவர் கையில் தெம்பில்லை, அதனால்தான் சொட்டியது. நோட்டீஸைப் பார்த்த அன்றைக்கே கழியை உள்ளே இழுத்துக்கொண்டார். அதன் பிறகு எதுவும் காயவில்லை. இவள் காலையில் ஆபீசுக்குக் கிளம்பியதும் விரிப்புகள் இந்த டிரையருக்குக் கீழே வரும், மத்தியானத்துக்குள் காய்ந்து மேலே போகும்.

சந்திரமதி கிண்ணத்தை மேசைமேல் வைத்தாள்.

"பெருநாள் பிரியாணிக்கு நாம பதில் பலகாரம் கொடுத்தாக்கூட வாங்கக் கூச்சப்படுற மனுஷர். நீங்க கேட்டதும் துணியைக் கொடுத்துட்டாரா?"

"எங்க? மூணு தடவை முகத்துக்கு நேரா கதவைச் சாத்திட்டார்."

"அப்புறம் எப்படி?"

ரமணன் கீரைக்கட்டைப் பிரித்தபடி, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"புகார் கொடுத்தவன் நான்தான் பாய், செஞ்ச தப்புக்கு இதையாவது செய்ய விடுங்கன்னு சொன்னேன். அப்பதான் கதவைத் திறந்தார்."