பல் வலி

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. கல்யாணத்துக்கு நீங்க வர வேண்டாம்."

ஏணி மேல் நின்று சுவருக்கு இரண்டாவது பூச்சு அடித்துக்கொண்டிருந்த பெயின்டர் திரும்பிப் பார்த்தார். கீழே நின்ற அச்சக மேனேஜர் அதற்குள் பார்வையைத் தரையில் இறக்கிவிட்டார்.

மேனேஜர் குடியை விட்டவர். விட வைத்தவர் பெயின்டர். குடியை விட்டவர்கள் கூடுகிற கூட்டத்தில், பழைய ஆள் ஒருவர் புது ஆளுக்குத் துணை நிற்பார். ஸ்பான்சர் என்பார்கள். குடிக்கத் தோன்றினால், கிளாஸைத் தொடுவதற்கு முன்னால் ஸ்பான்சருக்கு ஒரு போன் போட வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

வெள்ளிக்கிழமை இங்கே, திங்கட்கிழமை ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்று பெயின்டருக்கு இரண்டு கூட்டம். ஒன்றில் கேட்டதை இன்னொன்றில் அவர் சொன்னதில்லை.

"சம்பந்தி ஹெட்மாஸ்டர். குடிங்கற வார்த்தையே அந்த வீட்டுக்கு ஆகாது. நீங்களோ டீக்கடையிலகூட 'நான் குடிகாரன்'னு கூசாம சொல்றவரு. உங்க பக்கத்துல நின்னாலே நான் யாருன்னு தெரிஞ்சுடும்."

"ஹெட்மாஸ்டரா?"

பிரஷ் ஒரு நொடி நின்றது. பாவம், மனசு நொந்துவிட்டது போல என்று மேனேஜர் நினைத்தார்.

"சரி தம்பி. பொண்ணு நல்லா இருக்கட்டும்," என்றார் பெயின்டர். "கை காலியா இருந்தா எவனாவது கிளாஸைத் திணிப்பான். ஜூஸ் டம்ளரை விடாம பிடிச்சுக்குங்க. ரொம்ப வற்புறுத்தினா, பல்லு பிடுங்கியிருக்குன்னு கன்னத்துல கையை வெச்சுக்குங்க. போன் எப்பவும் என் பையிலதான் இருக்கும்."

மேனேஜரை வீட்டில் மனைவி விடவில்லை.

"நீங்க வாந்தியில கிடந்தப்ப அள்ளிப் போட்டது அந்த மனுஷன். ஆத்தைக் கடக்கற வரைக்கும்தான் அண்ணன் தம்பியா?"

"நாளைக்கு அவளை மாமியார் வீட்டுல குடிகாரன் பொண்ணுன்னு சொன்னா, நீ போய்க் கேப்பியா?"

பெயின்டருக்கென்று எடுத்து வைத்திருந்த பத்திரிகையை அவள் கட்டுக்குள் திருப்பி வைத்தாள். அவளுக்கும் மகள்தானே.

கல்யாண மண்டபம் நிரம்பி வழிந்தது. போட்டோவுக்கு நிற்கும்போது மேனேஜர் ஜூஸ் டம்ளரைக் கீழே வைத்தார். அந்த நேரம் பார்த்து வந்து கையைப் பிடித்தான் பழைய கூட்டாளி, அச்சகத்து பைண்டர். நாற்காலிகள் அடுக்கியிருந்த பின் அறைக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"பொண்ணைக் கரையேத்திட்ட. இதுக்குக்கூட இல்லேன்னா வேற எதுக்குடா?"

"வேண்டாம்டா. பல்லு பிடுங்கியிருக்கு."

"பல் வலிக்கு இதைவிட நல்ல மருந்து உண்டா?"

கிளாஸ் மூக்குக்குக் கீழே வந்துவிட்டது. ஒரு மடக்கில் பெண்ணின் கல்யாணமே சந்தி சிரித்துவிடும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் கை நீண்டது.

"இரு, ஒரு போன் பேசிட்டு வந்துடறேன்."

மண்டபத்தின் பின்படிக்கு ஓடினார். பெயின்டருக்குப் போட்டார்.

'நீங்கள் அழைத்தவர் வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார்.'

மறுபடி போட்டார். அதே குரல். இன்னொரு முறை. அதே.

மேனேஜருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வர வேண்டாம் என்று சொன்னதற்குப் பழி வாங்குகிறார். முகத்தில் ஒன்றும் காட்டாமல் மனசுக்குள் கறுவி வைத்திருந்திருக்கிறார். இங்கே ஒருத்தன் முழுகிக்கொண்டிருக்கிறான், அவருக்கு ஊர் அரட்டை.

இனி குடித்தால் பழி அவர் மேல்தான் என்று நினைத்தபோது, வெட்கக்கேடு, கொஞ்சம் நிம்மதிகூட வந்தது. பின் அறைக்குப் போகத் திரும்பினார்.

அப்போது படியோரத் தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் பேச்சுக் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தார்.

சம்பந்தி. ஒரு கையில் ஜூஸ் டம்ளர். காதில் போன். சுவரைப் பார்த்துக்கொண்டு தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்.

"இப்பப் பரவாயில்லை, பெயின்டரண்ணே. கை நடுக்கம் நின்னுடுச்சு. நீங்க கூட இருந்திருந்தா இவ்வளவுகூட ஆகியிருக்காது. என்ன செய்ய, பொண்ணு வீட்டுக்காரங்க மானம் மரியாதையா வாழறவங்க. உங்களை என்கூடப் பார்த்தா என்ன நினைப்பாங்கன்னுதான் வர வேண்டாம்னு சொன்னேன். மனசுல வெச்சுக்காதீங்க."

மேனேஜருக்கு விளங்கிவிட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கூட்டம். இரண்டு பேரையும் தூக்கி நிறுத்தியது ஒரே ஆள். இரண்டு பேரும் அந்த ஆளைத்தான் வராதே என்றிருக்கிறார்கள். அந்த மனுஷன் ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் மூச்சு விடவில்லை.

போனை அணைத்துத் திரும்பிய ஹெட்மாஸ்டர் மேனேஜரைப் பார்த்துத் திடுக்கிட்டார். சட்டென்று கை கன்னத்துக்குப் போனது.

"பல்லு பிடுங்கியிருக்கு, சம்பந்தி. டாக்டர்கிட்ட பேசிட்டிருந்தேன்."

நானும்தான் என்று ஒரு வார்த்தை. அது போதும். இரண்டு பேருக்கும் பாதி பாரம் இறங்கிவிடும். நாளைக்குப் பெண்ணும் தலை நிமிர்ந்து இருப்பாள். மேனேஜர் வாயைத் திறந்தார்.

அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். பெயின்டர்.

"யாரு சம்பந்தி? எடுங்களேன்."

"யாரோ ராங் நம்பர்," என்று போனை அணைத்த மேனேஜர், கன்னத்தில் கையை வைத்துக்கொண்டார். "எனக்கும் இந்தப் பல்லுதான் சம்பந்தி, உயிரை எடுக்குது."