பத்து நிமிஷத்தில் நிறைந்த பேட்டரி

“அந்தப் படகை நான் பாக்கணும்.”

சத்தியராஜின் முகம் இறுகியது. அந்த வீட்டில் வேறு எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசு, படகைப் பற்றி மட்டும் வாய் திறக்காதே என்று அபினாவிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். அப்படிச் சொன்னதனாலேயே அவளுக்குப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. மார்த்தாண்டத்தில் ஒரு இன்வெர்ட்டர் கம்பெனியில் அவள் சர்வீஸ் இன்ஜினியர்.

“அதுல பாக்க என்ன இருக்கு மக்ளே? உதவாத சாதனம்,” என்றார் சத்தியராஜ்.

“உதவுமா உதவாதான்னு பாத்தாத்தானே தெரியும்?”

அவருடைய மகன் ஷாஜன் எழுந்துபோய்ப் பின்வாசலைத் திறந்தான். தென்னந்தோப்பைத் தாண்டினால் ஆறு. தேங்காப்பட்டணத்தில் அது கடலில் சேரும் இடம் கூப்பிடு தூரம்தான். கரையை ஒட்டித் தண்ணீரில் வெள்ளைப் பாய்மரப் படகு ஒன்று ஆடிக்கொண்டு நின்றது. வீட்டிலிருந்து இழுத்த வயர் அதற்குள் போனது.

“துபாய்ல பணக்காரங்க படகுக்குப் பாய் கெட்டுற வேலை எனக்கு,” என்றான் ஷாஜன். “இங்கயும் ஆளுகளை ஏத்திக் கடலைக் காட்டலாம்னு இதை வாங்கினேன். பாயெல்லாம் சரியா இருக்கு. ஆனா லைட்டும் வயர்லெஸ்ஸும் இல்லாம கடல்ல இறக்க முடியாது. பேட்டரி நிக்க மாட்டேங்கு.”

“இன்னைக்கு லைட்டு எரியலேன்னா இது ஆக்கர் கடைக்கு எடைக்குப் போவும்,” என்றார் பின்னாலேயே வந்த சத்தியராஜ். “இவன் திங்கக்கிழமை துபாய்க்கு ஃபிளைட்டு ஏறணும். எங்க ரெண்டு பேருக்கும் பேச்சு அப்படியாக்கும்.”

“எரிஞ்சா?” அபினா ஷாஜனைப் பார்த்துக் கேட்டாள்.

“எரிஞ்சா நான் எங்கயும் போவ மாட்டேன்.”

அவள் புதுச் செருப்பைக் கழற்றிக் கரையில் விட்டுவிட்டுப் படகில் ஏறினாள்.

“பொம்பளப் பிள்ளைக்கு என்னத்துக்கு இந்தக் கரண்டு வேலை?”

“ஃபேன் நின்னா ஆம்பளைக்கு மட்டுமா வேர்க்குது அங்கிள்? எங்க குடும்பத்துல காலேஜ் வாசலை மிதிச்ச மொத ஆளு நான். படிச்சதை ஃபிரேம் போட்டுச் சுவத்துல மாட்டவா?”

ஷாஜனுக்குச் சிரிப்பு வந்தது. அப்பா முறைத்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டான்.

“சார்ஜர் என்ன செய்யுது, சொல்லுங்க.”

“போட்டதும் சிவப்பு லைட். பத்து நிமிஷத்துல பச்சை வந்திரும், நெறஞ்சிட்டுன்னு. பிளக்கை உருவினா விளக்கு மினுங்கிட்டு அணைஞ்சிரும். சார்ஜரையும் மாத்திட்டேன், பேட்டரியையும் மாத்திட்டேன்.”

“இவ்வளவு பெரிய பேட்டரி பத்து நிமிஷத்துல நெறைய, அது என்ன காப்பி டம்ளரா? மீட்டர் இருக்கா?”

“வாங்கி வச்சிருக்கேன். பாக்கத் தெரியாது.”

தெரியாது என்று ஓர் ஆண் இத்தனை லேசாகச் சொல்லி அவள் கேட்டதில்லை.

மீட்டரைச் சார்ஜரில் வைத்தாள். பதினாலரை வோல்ட். பேட்டரியின் முனையில் வைத்தாள். பன்னிரண்டுகூட இல்லை.

“கரண்டு பேட்டரிக்கு வந்தே சேரல. நெறஞ்சிட்டுன்னு நெனச்சி சார்ஜர் கையைக் கெட்டிட்டு நிக்குது. பிளக்கை உருவுங்க. ஸ்பேனர் தாங்க.”

வயரின் நுனியில் இருந்த வளையத்தைப் பேட்டரியிலிருந்து கழற்றித் திருப்பினாள். உள்பக்கம் வழவழவென்று நீலமாக இருந்தது. நகத்தால் சுரண்டினாள். பெயிண்ட்.

“இதை அடிச்சது யாரு? கூறு கெட்ட வேலை! பெயிண்டைத் தாண்டிக் கரண்டு எப்படிப் போவும்?”

ஷாஜன் அப்பாவை ஒரு பார்வை பார்த்தான். “நான்தான். ஏசணும்னா என்னை ஏசுங்க.”

“லேய், பொய் சொல்லாத!” சத்தியராஜ் கத்தினார். “நான்தான் மக்ளே அடிச்சேன். இந்த உப்புக்காத்துல ஜன்னல் கம்பி ஒரு மழைக்குத் தாங்காது. இரும்புன்னு கண்டா நாங்க பெயிண்ட் அடிச்சிருவோம். துருப் பிடிச்சிரக் கூடாதேன்னு, இவன் வெளிய போன நேரத்துல எல்லாத்தையும் கழத்திக் கழத்தி அடிச்சேன்.”

“உதவாத சாதனத்துக்கா?”

அவர் ஆற்றைப் பார்த்தார்.

ஷாஜன் உப்புத்தாளால் வளையங்களைத் தேய்த்தான். “இன்னும்,” என்றாள் அபினா. தேய்த்தான். “போதாது. பெயிண்டு ஒரு பொட்டு இருக்கக் கூடாது.” மறுபடி தேய்த்தான். “இறுக்கின பெறகு மேல கிரீஸ் தடவுங்க. இடையில ஒண்ணும் வரக் கூடாது.” அவன் ஒவ்வொன்றையும் திருப்பிக் கேட்டுக் கேட்டுச் செய்தான்.

சார்ஜரைப் போட்டார்கள். வெகுநேரம் ஆகியும் சிவப்பு மாறவில்லை.

“பச்சை வரலியே!” பதறினார் சத்தியராஜ்.

“வரக் கூடாது அங்கிள். இப்பதான் பேட்டரி குடிக்கவே தொடங்கியிருக்கு. நீங்க பிளக்கை உருவிட்டு லைட்டைப் போடுங்க.”

பாய்மரத்தின் உச்சியில் விளக்கு பளிச்சென்று எரிந்தது. இப்போது அணைந்துவிடும், இப்போது அணைந்துவிடும் என்று மூன்று பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்கள். அணையவில்லை.

“டிக்கெட்டைக் கேன்சல் செய்லே,” என்றார் சத்தியராஜ்.

“சார்ஜரைத் திரும்பப் போட்டு விடிய விடிய விட்டிருங்க,” என்று ஷாஜனிடம் சொல்லிவிட்டு, அபினா செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

கூடத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு வீட்டாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கையெல்லாம் கிரீஸாக இருந்ததைப் பார்த்து அவளுடைய அம்மா ராஜபாய் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அவளைக் கதவோரம் இழுத்துக் காதுக்குள் கேட்டாள்: “கல்ஃப்காரன் வேண்டாம்னு மாப்பிள்ளை முகத்தைப் பாத்துச் சொல்லணும்னுதானே பிடிவாதமா வந்த? சொல்லித் தொலைச்சிட்டியா?”

“அவரு இனி கல்ஃப்காரன் இல்லம்மா. நிச்சயத்துக்கு நாள் பாருங்க,” என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டு, யாருடைய பதிலுக்கும் நிற்காமல் அபினா வாசலைத் தாண்டிக் காரை நோக்கி நடந்தாள்.